பதினோராம் விதி

தி. நகர்
18 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய பேராசிரியை சுப்புலக்ஷ்மி அம்மா அவர்களுக்கு,

ரங்கநாதன் தெருவில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஜவஹர் எழுதுகிறேன். உங்களிடம் மூன்றாம் ஆண்டு வணிகவியல் படிக்கும் தாரணியின் அப்பா. நேரில் வந்தேன், துறை வாசலில் நிற்பவர் உள்ளே விடவில்லை. போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மதிப்பெண் பற்றிய முறையீடு எழுத்தில் மட்டும், ஏழு நாளுக்குள், பெட்டியில் போட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். சரி, உங்கள் கடை, உங்கள் போர்டு. எழுதுகிறேன்.

சந்தை ஆய்வு என்ற பாடத்தில் என் மகளை ஃபெயில் போட்டிருக்கிறீர்கள். எழுத்துப் பரீட்சையில் நன்றாகத்தான் வாங்கியிருக்கிறாள். பிராஜெக்டில் சுழியம். நான்கு பேர் சேர்ந்து பாண்டி பஜாரில் வாடிக்கையாளர்களிடம் கேள்வி கேட்டு நூற்று அறுபது படிவம் நிரப்ப வேண்டும், ஆளுக்கு நாற்பது. என் மகள் பங்கு நாற்பதும் குறித்த நாளில் வந்து சேர்ந்தது. மற்ற மூன்று பேரும் பாஸ். இவளுக்கு மட்டும் எப்படிச் சுழியம்?

நான் பதினாலு வயதில் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கைக்குட்டை விற்றவன். கொடுத்த சரக்கை எடுத்துக்கொண்டு, வரவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் கடையில்கூட பில்லோடு வந்தால் மாற்றித் தருகிறோம். ஜனவரியில் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு விருதுநகர். முதலில் கேட்பது மார்க் ஷீட்டைத்தான்.

விளக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
ச. ஜவஹர்

*

அடையாறு
21 நவம்பர் 2024

திரு. ஜவஹர் அவர்களுக்கு,

முறையீடு உரிய காலத்துக்குள் வந்தது. நன்றி.

ஜூன் மாதம் வகுப்பு தொடங்கிய முதல் நாளில் பாட விதிகள் மூன்று பக்கங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் தரப்பட்டன. பத்தாம் விதி: ஒரு குழுவில் உள்ளவர்கள் மற்றவரின் உழைப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று ரகசியமாக மதிப்பெண் போடுவார்கள். ஒருவர் பெறும் சராசரி நாலுக்குக் கீழே இருந்தால், களப்பணியில் அவருக்குச் சுழியம். தாரணியின் சராசரி நாலைத் தொடவில்லை.

படிவம் வந்து சேர்ந்தது என்கிறீர்கள். உண்மை. அவர் வந்து சேர்ந்தாரா என்பதைத்தான் குழுவினரிடம் கேட்டிருக்கிறோம்.

உங்கள் குறை மறுபரிசீலனைக் குழுவுக்குப் போயிருக்கிறது. டிசம்பர் பத்தாம் தேதி கூடுகிறது.

விதிகளின் நகலை இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், 'படித்து ஒப்புக்கொண்டேன்' என்பதற்குக் கீழே, பெற்றோர் கையெழுத்து உங்களுடையது.

சுப்புலக்ஷ்மி

*

தி. நகர்
25 நவம்பர் 2024

பேராசிரியை அம்மா,

கையெழுத்து என்னுடையதுதான். சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் மகள் நீட்டினாள், போட்டேன். முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான். அதை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறீர்கள். இருக்கட்டும்.

உண்மையைப் பேசுவோம். தீபாவளி சீசன் அது. எங்கள் தெருவில் அந்த மூன்று வாரம் மனுசர் மேல் மனுசர் நடப்பார்கள். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், மகளை உட்கார வைத்தேன். அவள் பாண்டி பஜார் போகவில்லை. ஆனால் வேலை முடிந்ததா, முடிந்தது. எப்படி முடிந்தது என்பது எங்கள் வீட்டு விஷயம்.

குழுவில் மற்ற மூன்று பேர் அனிருத், வர்ஷினி, வேம்பு. இதில் யார் என் மகளுக்குக் குறைத்துப் போட்டது? பெயர் மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் கணக்குப் போட எனக்குத் தெரியும். அனிருத்தும் வர்ஷினியும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு என் மகள் மேல் என்ன பொறாமை? வேம்பு நொச்சிக்குப்பத்துப் பெண். தாரணிதான் 'கூடப் படிக்கிற பொண்ணுப்பா, ஞாயித்துக்கிழமை வேலை குடுங்க' என்று கூட்டிவந்து எங்கள் கடையில் சேர்த்துவிட்டாள். சுடிதார் பிரிவில் மடிக்கும் வேலை. சோறு போட்ட இடத்தில்தான் வயிற்றெரிச்சல் வரும். ஆள் வைத்து வேலை வாங்கியவனுக்கு இது தெரியும்.

நேற்று ஞாயிறு. மடிக்கும் இடத்திலிருந்து அவளை வாசலுக்கு மாற்றியிருக்கிறேன். வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டு 'வாங்க வாங்க' சொல்லும் வேலை. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை. வாசலில் ஸ்டூல் கிடையாது.

ச. ஜவஹர்

*

அடையாறு
27 நவம்பர் 2024

திரு. ஜவஹர் அவர்களுக்கு,

யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை வெளியிட முடியாது. நீங்கள் சொன்ன எந்தப் பெயரையும் நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பதினோராம் விதியை ஒருமுறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தான் போட்ட மதிப்பெண்ணை ஒரு மாணவர் பின்னர் மறுத்தால், அந்த மதிப்பெண் செல்லாது. மறுத்தவருக்கும் களப்பணியில் சுழியம்.

உங்கள் கடை வாசலில் ஸ்டூல் இருக்கிறதா என்பது என் துறைக்கு உட்பட்டதல்ல.

சுப்புலக்ஷ்மி

*

தி. நகர்
9 டிசம்பர் 2024

பேராசிரியை அம்மா,

இத்துடன் வேம்பு தன் கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது. 'பொறாமையால் தாரணிக்கு நியாயமான மதிப்பெண் போடவில்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டிருக்கிறாள். சாட்சிக்கு எங்கள் சூப்பர்வைசர் அமீனா பீ கையெழுத்து.

நான் எழுதச் சொல்லவில்லை. அவளாக எழுதினாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிறு கேட்டபோது, "பத்து போட்டேன் சார், அம்மா மேல சத்தியமா" என்றாள். கடையில் துணி திருடி மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாரும் அம்மா மேல்தான் சத்தியம் செய்வார்கள். வாசலில் நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான். இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கால் மாற்றி மாற்றி நின்றாள். அமீனா பீ என்னிடம் வந்து, "மொதலாளி, புள்ளைக்குக் கால் வீங்கிருச்சு, பத்து நிமிஷம் உக்காரட்டுமே" என்றார். "உனக்கும் சேர்த்து நிக்கணுமா?" என்று கேட்டேன், போய்விட்டார். நேற்று மூன்றாம் ஞாயிறு. மத்தியானம் அவளே கல்லாவுக்கு வந்து, "இன்னா சார் எழுதணும், சொல்லுங்க" என்றாள். தாரணி பக்கத்தில்தான் இருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் பதினோராம் விதியைப் படித்தேன். மறுத்தால் அந்த மதிப்பெண் செல்லாது. அதாவது வேம்பு போட்ட குறைந்த மார்க் போய்விட்டது. மீதி இரண்டு பேர் போட்டதை வைத்துச் சராசரி எடுங்கள். அவளுக்கும் சுழியம் என்றால் அது அவள் பாடு.

நாளைக்குக் குழு கூடுவதற்குள் கையில் கிடைக்க வேண்டும் என்று நானே வந்து பெட்டியில் போடுகிறேன்.

ச. ஜவஹர்

*

அடையாறு
12 டிசம்பர் 2024

திரு. ஜவஹர் அவர்களுக்கு,

வேம்புவே தன் மதிப்பெண்ணைப் பற்றி எழுதிவிட்டதால், அதில் ரகசியம் காக்க இனி எதுவும் இல்லை. குழுவின் முன் உறைகள் மீண்டும் பிரிக்கப்பட்டன.

அனிருத் போட்டது சுழியம். வர்ஷினி போட்டது சுழியம். வேம்பு போட்டது பத்து.

சராசரி மூன்று புள்ளி மூன்று மூன்று. நாலுக்கு மிக அருகில் இருந்ததால், தாரணி தனியாகப் பாண்டி பஜார் சென்று புதிதாக நாற்பது படிவம் நிரப்பிக் கொடுத்தால் தேர்ச்சி தரலாம் என்று குழு எழுதிவைத்திருந்தது. பத்தாம் தேதி காலை கையெழுத்தாக வேண்டிய தீர்மானம். அதற்கு முன் பெட்டியைத் திறந்தோம்.

வேம்பு தன் பத்தை மறுத்துவிட்டார். ஆகவே அது செல்லாது. தாரணியின் சராசரி இப்போது சுழியம். தீர்மானம் கைவிடப்பட்டது. வேம்புவுக்கும் களப்பணியில் சுழியம்.

இன்னொன்று. தாரணி பெயரில் வந்த நாற்பது படிவமும் ஒரே கையெழுத்தில் இருந்தன, அது தாரணியுடையது அல்ல. யாருடையது என்று இதுவரை தெரியாமல் இருந்தது. நீங்கள் அனுப்பிய கடிதத்தோடு ஒப்பிட்டோம். அது வேம்புவுடையது.

தாரணி ஜூனில் இதே பாடத்தைத் திரும்ப எடுக்கலாம். வேம்பு கட்டணச் சலுகையில் படிப்பவர். ஒரு பாடத்தில் தவறினாலும் சலுகை நின்றுவிடும்.

சுப்புலக்ஷ்மி

*

தி. நகர்
14 டிசம்பர் 2024

அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு தாரணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவ பத்துதான் போட்டிருப்பான்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "பின்னே ஏன் சொல்லல?" என்றால், "நீங்க கேக்கலையே" என்கிறாள். என் மகள்தான்.

படிவத்தை நிரப்பச் சொன்னதும் நான்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, வேம்புவைக் குடோனில் உட்கார வைத்து, "நாப்பதையும் முடிச்சிட்டு எழுந்திரு" என்றேன். கடையில் ஒரு வேலைக்கு ஆள் வரவில்லை என்றால் இன்னொரு ஆளைப் போடுவோம். படிப்பும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

நேற்று நொச்சிக்குப்பம் போனேன். ரோட்டோரம் வேம்புவின் அம்மா மீன் விற்கிறார். பேச்சு எடுக்க ஒரு வஞ்சிரம் கேட்டேன். சொன்ன விலையைக் கொடுத்தேன். உடனே நிமிர்ந்து பார்த்தார். "பேரம் பேசாத வாங்குறான், இன்னாத்துக்கு வந்துகீறான் இவன்" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். யார் என்று சொன்னேன்.

"ஓ, நீதானா? பொண்ணு வூட்ல காலத் தூக்கி வெச்சுக்கினு கீது. இன்னும் நிக்க வெக்கணுமா? இன்னொரு காயிதம் எழுதணுமா?" என்றார். மீனை வெட்டிக்கொண்டே கேட்டார், கத்தவில்லை. வேம்பு வெளியே வரவில்லை.

உங்களுக்கு முதல் கடிதத்திலிருந்தே தெரியும், பத்துப் போட்டது யார் என்று. நான் அவள் பெயரை எழுதியபோது, "அவளை விடு" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சுழியத்தை எடுத்துவிடுங்கள். என் மகள் ஜூனில் எழுதிக்கொள்ளட்டும்.

ச. ஜவஹர்

*

அடையாறு
16 டிசம்பர் 2024

திரு. ஜவஹர் அவர்களுக்கு,

தெரியும். நீங்கள் கேட்டது மூன்று பெயரில் யார் குறைத்துப் போட்டார்கள் என்று. ஒருவரை இல்லை என்று சொன்னால் மீதி இருவர் யார் என்று சொன்னதாகிவிடும். அவர்களை நீங்கள் எங்கே நிற்க வைத்திருப்பீர்களோ. மூவரில் ஒருவருக்காக இருவரைக் காட்டிக்கொடுக்க என் விதியில் இடமில்லை.

வேம்புவை நான் கூப்பிட்டு விசாரித்தேன். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். "படிவமும் கடிதமும் நானாத்தான் எழுதினேன் மேடம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. "எழுதச் சொல்லவில்லை, அவளாக எழுதினாள்" என்று நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள். இருவர் வாக்கும் பொருந்துகிறது. கடைசியாக நீங்கள் எழுதியது எனக்குத் தனிப்பட்ட கடிதம். கோப்பில் வைக்க முடியாது.

ஒரு வழி இருக்கிறது. படிவங்களும் மறுப்புக் கடிதமும் உங்கள் உத்தரவின் பேரில், உங்கள் கடையில், வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதப்பட்டவை என்று மறுபரிசீலனைக் குழுவுக்கு உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வேம்புவின் சுழியம் நீங்கும்.

அப்படிக் கொடுத்தால் ஆறாம் விதி வரும். பிறரை வைத்துப் போலித் தரவு தயாரித்த மாணவர் ஓராண்டு நீக்கப்படுவார். மாற்றுச் சான்றிதழில் காரணம் எழுதப்படும். அது தாரணிக்கு.

முறையீட்டுக்கு உள்ள அதே ஏழு நாள்.

சுப்புலக்ஷ்மி

*

தி. நகர்
23 டிசம்பர் 2024

அம்மா,

ஏழாம் நாள். பெட்டியில் நானே போடுகிறேன்.

உறுதிமொழி இதில் இல்லை. எழுதினேன், ஸ்டாம்ப் பேப்பரில் டைப் கூட அடித்துவிட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம். அந்தச் சான்றிதழை விருதுநகர்க்காரர்கள் கையில் எடுத்துப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். என் மகளா, அந்தப் பெண்ணா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஏழு நாள் ஆனதற்குக் காரணம், இதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருந்தது.

நல்லவன் என்று நான் எங்கேயும் போர்டு வைக்கவில்லை.

வேம்புவுக்கு வேறு வழியில் செய்கிறேன். அது உங்கள் துறைக்கு உட்பட்டதல்ல.

ச. ஜவஹர்

*

அடையாறு
6 ஜனவரி 2025

திரு. ஜவஹர் அவர்களுக்கு,

கோப்பு மூடப்பட்டது.

வேம்பு மூன்றாம் தேதி வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். விலகக் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினார். அதே கையெழுத்து, மிக அழகான கையெழுத்து. எழுத்துப் பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண் அவருடையது என்பதை உங்களுக்குச் சொல்ல எந்த விதியும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கேட்காததற்கும் ஒரு பதில். கெஞ்சலும் மிரட்டலும் வந்து நிற்கும்போது என் கை நடுங்கக்கூடாது என்றுதான் இந்த விதிகளை எழுதினேன். இந்த முறை நடுங்கவில்லை. அன்று மாலை கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றி நடந்தபோது அதை நினைத்துப் பெருமைப்பட முடியுமா என்று பார்த்தேன்.

தாரணி ஜூனில் திரும்பச் சேரும்போது புதிய விதிப் பிரதி வரும். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

சுப்புலக்ஷ்மி

*

தி. நகர்
16 ஜூன் 2025

பேராசிரியை அம்மா,

கையெழுத்திட்ட விதிப் பிரதி இத்துடன். இந்த வருடம் நான்கு பக்கமாகியிருக்கிறது.

தாரணிக்கு நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. ஒரு பாடம் பாக்கி என்று சொன்னேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் தையில், வடபழனியில். உங்களுக்குப் பத்திரிகை வரும். வர மாட்டீர்கள் என்று தெரியும்.

வேம்பு பிப்ரவரியிலிருந்து எங்களிடம் முழுநேரம். அவள் அம்மாதான் கூட்டிவந்தார். "வேற எங்க போறது, உங்கிட்டயே வெச்சுக்கோ" என்றார். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. பில் போடும் இடத்தில் நாற்காலி கொடுத்திருக்கிறேன். உட்கார மாட்டேன் என்கிறாள். தாரணி கடைக்கு வந்தால் மூன்றாவது மாடிக்குப் போவதில்லை.

இந்த முறை படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எழுத்து பொடியாக இருந்தது, கண்ணாடி வீட்டில். வேம்புவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நின்றுகொண்டே வாசித்தாள். நல்ல கணீரென்ற குரல். பத்தாம் விதி வரை தடங்கல் இல்லை. அதற்கு மேல் நிறுத்திவிட்டாள்.

"மேல வாசிம்மா" என்றேன்.

வாசித்தாள்.

கையெழுத்துப் போட்டேன்.

ச. ஜவஹர்